இரண்டு குடம் தண்ணீர்

மொன்றியலில் எங்கள் பகுதி நூலகத்தில் மாதத்துக்கு ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். அன்று, போருக்குத் தப்பி ஓடும் ஒரு கிரேக்கக் குடும்பத்தைப் பற்றிய நாவலைப் பேசினோம். நடக்க முடியாத பெரியவர் ஒருவரைக் கட்டிலில் விட்டு, பக்கத்தில் பானைத் தண்ணீரை வைத்துவிட்டு அவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள்.

"இவர்களும் மனிதர்களா?" என்று நான் கோபப்பட்டேன்.

பக்கத்திலிருந்த என் தங்கை தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, நாங்களும் பெரியப்பாவுக்கு ரெண்டு குடம் தண்ணி வச்சிட்டுத்தானே வந்தனாங்கள்."

"அவர் வரமாட்டன் எண்டவர்" என்றேன். முப்பது வருடங்களாக எல்லோருக்கும் நான் சொல்லிவரும் பதில் அது.

எங்கள் பேச்சு புரியாவிட்டாலும், எதிரே இருந்த கிரேக்கப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். என்னால் அதைத் தொட முடியவில்லை.

யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட அன்று பெரியப்பா வரமாட்டேன் என்று சொல்லவேயில்லை. "என்னையும் சைக்கிள் கரியரில ஏத்திக்கொண்டு போ, தம்பி" என்றுதான் கேட்டார்.

கரியரில் நான் தையல் மெசினைக் கட்டியிருந்தேன்.