நீளமாக விட்ட கயிறு

கிருபாராணிக்குக் குதிரை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மில்பிடாஸ் தமிழ் ஜெபக்கூட்டத்தில் அவளைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அதில் அவள் மலைமேல் குதிரையில் பாய்ந்து போய் ஓர் உயிரைக் காப்பாற்றிய வீராங்கனை. அவள் பாயவும் இல்லை, அதில் வீரமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்கிறவர்களுக்கோ பொறுமை இல்லை, பாதியிலேயே ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறார்கள்.

குதிரைக்கு மட்டுமா பயந்தாள்? ஃப்ரீவேயில் லேன் மாற்றப் பயந்து, இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு, ஃப்ரீமான்ட் வரை போய்த் திரும்பி வந்தவள் அவள். நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். கணவன் ஜீவரத்தினம் ஆபீசிலிருந்து வர அரைமணி தாமதமானால் வேலை போய்விட்டதோ என்று பயம். ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டுக்குள் கால் வைத்தால் மட்டும் அவ்வளவும் எங்கோ போய்விடும். நாகர்கோவிலில் நர்சிங் படித்து வந்த கை அது. எவ்வளவு ரத்தம் கொட்டினாலும் நடுங்காது.

"உன் தைரியத்தை எல்லாம் ஹாஸ்பிட்டல் லாக்கர்லயே வெச்சுப் பூட்டிட்டு வந்துடுவியா?" என்று ஜீவரத்தினம் கேட்பான். சான்டா கிளாராவில் சிப் கம்பெனியில் என்ஜினீயர். தன்னை நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவளைக் குதிரை மேல் ஏற்றியது ஒரு குளவி.

1984 கோடையில் ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். குளவி கொட்டி முகம் பானையாக வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண் கண் திறந்ததும் கிருபாராணியின் சட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். "நம்ம ஊருப் பொண்ணா நீ?" என்றாள், மாஸ்க்குக்குள்ளிருந்து.

அவள்தான் அல்போன்சா. திண்டுக்கல்காரி. இங்கே மாடு வளர்க்கும் குடும்பத்து வெள்ளைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து, அவர் மாரடைப்பில் போன பிறகு, சான் ஹோசேக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இரண்டு குதிரைகளோடு தனியாக இருந்தாள். அப்போது ஐம்பது வயது. சனிக்கிழமைதோறும் அவளும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் தங்கள் சொந்தக் குதிரைகளில் அந்த மலைக்குள் போவார்கள். அது அரசாங்க நிலம், எல்லோருக்கும் பொது. அதற்குள் பல மைல் நீளத்துக்கு ஒற்றையடிப் பாதைகள். விழுந்த மரத்தை அறுத்துப் போடுவது, மழையில் கரைந்த பாதைக்குக் கல் அடுக்குவது, அணைக்காமல் விட்ட நெருப்பை அணைப்பது, மோட்டார் சைக்கிளில் திருட்டுத்தனமாக நுழைகிறவர்களைப் பற்றி ரேஞ்சருக்குச் சொல்வது என்று வேலை. சம்பளம் கிடையாது. தீனிச் செலவு, லாடச் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு கொட்டு விழுந்தால் இதைவிட மோசமாக இருக்கும், ஊசி போடத் தெரிந்த ஆள் கூட இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது.

"ஒரே ஒரு தடவை வா, கிருபா. பிஸ்கட்னு ஒரு பொட்டைக் குதிரை இருக்கு. கிழடு. நீ தூங்கினாலும் அது பாட்டுக்கு நடக்கும்."

"ஐயோ, என்னால முடியாதுக்கா."

"அப்ப நான் வீட்டுலயே உக்காந்து சாகட்டுமா?"

இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? ஒரு தடவை என்றது இரண்டு வருஷமாயிற்று. பயம் மட்டும் குறையவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேணத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததும் அதன் முன்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வாள். பாதையின் ஒரு பக்கம் பள்ளம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் சொல்லுவாள். பிஸ்கட் காதை அசைத்தால்கூட, "அக்கா, இது ஏதோ பண்ணுது!" என்று கத்துவாள். ஆனாலும் போனாள். அவள் வராவிட்டால் அல்போன்சா தனியாகவே போய்விடுவாள் என்று நம்பினாள்.

அல்போன்சா கற்றுக்கொடுத்தவற்றில் இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒன்று, குதிரையை எப்போதும் கண் உயரத்தில் முடிச்சுப் போட்டு, ஒரு கை நீளத்துக்கு மேல் கயிறு விடாமல் கட்ட வேண்டும். இன்னொன்று, உயிர் காக்கிற எதுவும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். குதிரைமேல் இருக்கும் பை குதிரையோடு போய்விடும். ஊசி மருந்துப் பெட்டி மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும், இரண்டு டோஸ். அது கிருபாராணியின் மார்புப் பையில் பட்டன் போட்டுப் பத்திரமாக இருக்கும்.

1986 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ஆறு மைல் உள்ளே ஒரு பெரிய ஓக் மரம் பாதையின் குறுக்கே விழுந்து கிடப்பதாகத் தகவல். மற்றவர்கள் இன்னொரு பக்கம் வேலையாகப் போய்விட்டதால் இவர்கள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். அந்தப் பகுதிக்குள் மோட்டார் ரம்பம் கூடாது. இரண்டு பக்கமும் பிடி வைத்த நீள ரம்பத்தைக் கோணியில் சுற்றி, மேஜர் என்ற பெரிய ஆண் குதிரையின் சேணத்தில் கட்டிக்கொண்டு அல்போன்சா முன்னால் போனாள்.

வெயில் அடித்த அடியில் பத்து மணிக்கே கிருபாராணியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மார்புப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டி சுட்டது. நர்ஸ் மூளை உடனே விழித்துக்கொண்டது. இந்த மருந்து சூட்டில் வீரியம் போய்விடும். நாளைக்கு உயிர் போகிற நேரத்தில் வெறும் தண்ணீரையா ஏற்றுவது? ஈரத் துணியில் பெட்டியைச் சுற்றி, பிஸ்கட்டின் சேணப் பையில் நிழல் விழுகிற பக்கமாக வைத்தாள். அக்கா பார்த்தால் திட்டுவாள் என்பதால் சொல்லவில்லை.

மரம் கிடந்த இடத்தில் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மலை முழுக்கப் புல் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை. அல்போன்சா கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு மரத்தில் மேஜரை உயரமாக, கயிற்றைக் குட்டையாக விட்டுக் கட்டினாள். பிஸ்கட் பச்சைப் புல்லைப் பார்த்து மூக்கை நீட்டியது. கிருபாராணிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், கிழட்டு வாயில்லா ஜீவன், கண்முன்னால் புல் இருக்கிறது. ஊரில் பசுவைக் கட்டுகிற மாதிரி பக்கத்து மரத்தின் அடியில் முடிச்சுப் போட்டு, கயிற்றை எட்டடிக்கு விட்டாள். பசு அப்படித்தான் நாள் முழுக்க மேயும், ஒன்றும் ஆகாது. குதிரை பசு இல்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அந்த நேரத்தில் கையில் இருந்தது பழைய பழக்கம்.

கவனியுங்கள், இரண்டு தப்பும் அக்கறையில் செய்தவை. அதனால் தப்பு சின்னதாகிவிடாது.

ரம்பம் இழுக்க ஆரம்பித்தார்கள். அதில் தள்ளக் கூடாது. தன் பக்கம் இழுத்துவிட்டு, எதிராளி இழுக்கும்போது கையைத் தளர விட வேண்டும். இருபது முப்பது இழுப்பு ஆகியிருக்கும். விழுந்து கிடந்த மரத்தின் உளுத்த பாகம் பொத்தென்று உடைந்து விழுந்தது. உள்ளே இருந்து முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு மஞ்சள் குளவிகள் புகை மாதிரி எழுந்தன.

"ஓடு, கிருபா! ஓடு!"

ஓடினார்கள். பின்னால் பிஸ்கட் கனைத்தது, அப்படி ஓர் அலறலைக் கிருபாராணி குதிரையிடம் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தாள். நீளக் கயிறு முன்னங்காலில் சுற்றிக்கொள்ள, பிஸ்கட் விழுந்து எழுந்து, பித்துப் பிடித்த மாதிரி இழுத்தது. கயிறு அறுந்தது. புழுதி பறக்க, சேணப் பை விலாவில் மோத, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

அல்போன்சா நூறு அடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் இரண்டு, கையில் மூன்று கொட்டு. உதடு அப்போதே தடித்திருந்தது.

"ஊசி..." என்று கையை நீட்டினாள்.

கிருபாராணி மார்புப் பையில் கை வைத்தாள். அது காலி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை தடவினாள். இருபது வருஷ வேலையில் அவள் கை முதன்முறையாக நடுங்கியது.

"அக்கா... பிஸ்கட் மேல இருக்கு."

அல்போன்சா அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தொரத்தாத," என்றாள், மூச்சுக்கு நடுவே. "தொரத்தினா வீடு வரைக்கும் ஓடிடும். மேஜரைக் கூட்டிட்டுப் போ. அது தனியா இருக்காது. மேஜர்கிட்ட வரும். அதப் பாக்காத. கூப்பிடாத. நீ பாட்டுக்கு நட."

கிருபாராணி மேஜரை அவிழ்த்தாள். இரண்டு வருஷமாக அந்த மிருகத்தின் பக்கத்தில்கூடப் போகாதவள். அது அவள் தலைக்கு மேல் தலையை ஆட்டியது. ஆனாலும் கயிற்றைப் பிடித்து மேடு ஏறினாள். ஓடச் சொல்லி உடம்பு முழுக்கத் துடித்தது. ஓடக் கூடாது. பின்னால் ஒரு மனுஷி செத்துக்கொண்டிருக்கிறாள், இவள் கோயில் தேருக்கு முன்னால் போகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கிறாள்.

மேட்டின் மறுபக்கம் முப்பது அடி தூரத்தில் பிஸ்கட் நின்றது. அறுந்த கயிறு தொங்கியது, உடம்பெல்லாம் நடுக்கம், கண்ணில் வெள்ளை தெரிந்தது. சேணப் பை அப்படியே இருந்தது. அதற்குள் அல்போன்சாவின் மூச்சு இருந்தது. கிருபாராணியின் கால் தானாக ஓர் அடி முன்னே போனது. பிஸ்கட் உடனே பின்வாங்கித் தலையைத் தூக்கியது.

இன்னும் ஓர் அடி வைத்தால் போய்விடும்.

அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான். திரும்பி, பையின் பக்கம் முதுகைக் காட்டி, மேஜரை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் ஒரு ஜெபமும் வரவில்லை. பத்து அடி நடந்தாள். பின்னால் சத்தம் இல்லை. இருபது அடி. திரும்பிப் பார்த்துவிடலாமா என்று கழுத்து வலித்தது. மேஜர் தொண்டைக்குள் லேசாகக் கனைத்தது. பிறகு காய்ந்த புல்லில் குளம்புச் சத்தம், ஒன்று, நின்று, இன்னொன்று. கடைசியில் சூடான மூச்சு அவள் தோளில் பட்டது. அவள் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்தாள். அதன் பிறகுதான் ஓடினாள்.

அல்போன்சாவின் முகம் அடையாளம் தெரியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கிருபாராணியின் கை அந்த நொடியே நடுக்கத்தை விட்டது, ஊசியைப் பார்த்ததும் அது பழைய கையாகிவிட்டது. ஜீன்ஸுக்கு மேலேயே தொடையில் குத்தினாள். பக்கத்தில் மண்டியிட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். விசில் சத்தம் குறையக் காலம் ஒரு யுகமாகத் தெரிந்தது, கடிகாரம் ஏழு நிமிஷம் என்றது. கால் மணி கழித்து மறுபடி இழுப்பு வந்தபோது இரண்டாவது டோஸும் போனது. பிறகு அல்போன்சாவை மேஜர் மேல் ஏற்றி, இரண்டு கயிற்றையும் தானே பிடித்து, மலை உச்சி வரை நடத்தி வந்தாள். அங்கேதான் அல்போன்சாவின் இடுப்பில் இருந்த ரேடியோவுக்கு சிக்னல் கிடைத்தது. ரேஞ்சரின் வண்டி தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட பாதை வழியாக வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், டியூட்டிக்கு அல்ல. இரவெல்லாம் தூங்காமல் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வாசலைத் தாண்டியதும் மறந்துபோயின. மலைப்பள்ளமும் மேஜரும் கொடுக்காத பயம் அந்த அறைக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா இனி முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்தாள்.

அல்போன்சா தலையணையில் சாய்ந்து ஜெல்லோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் இன்னும் பாதிதான் திறந்திருந்தது.

"அக்கா, கயிறு தானா அறுந்துடுச்சுன்னு நேத்து ரேஞ்சர்கிட்ட சொன்னேன். பொய். நான்தான் நீளமா விட்டுக் கட்டினேன். மாடு கட்ற மாதிரி. நான் ஒழுங்கா கட்டியிருந்தா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரம்பத்தை அவிழ்க்கும்போதே பாத்தேன். பிஸ்கட் குனிஞ்சு மேய்ஞ்சிட்டிருந்தது. ஊசியை நீ பைக்கு மாத்தினதையும்தான் பாத்தேன். என் பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

கிருபாராணிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்துட்டு ஏன்க்கா சும்மா இருந்தீங்க? உங்க உயிராச்சே!"

அல்போன்சா ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

"ஜூலைல நீ சேணத்தை லூஸா கட்டினதுக்கு உன்ன எல்லார் முன்னாடியும் திட்டினேன்ல. அதுக்கப்புறம் மூணு சனிக்கிழமை நீ வரல. ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு போன்ல சொன்ன. பொய்னு எனக்குத் தெரியும். அந்த மூணு சனிக்கிழமையும் நான் காலைல பூட்ஸ் போட்டுட்டு கிச்சன்ல உக்காந்திருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னொரு தடவை திட்டினா நீ வராமலே போயிடுவியோன்னு பயமா இருந்ததுடி."

கிருபாராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அந்த மலையில் பயந்துகொண்டிருந்தது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அல்போன்சாவின் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"திட்டுங்கக்கா," என்றாள். "இனிமே எது பண்ணாலும் திட்டுங்க. நான் வருவேன்."