அசையாதக்கா எடுத்த ஏழு படங்கள்

பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அசையாதக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை "அசையாதே, அசையாதே" என்று அதட்டியே வந்த பேர். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்தாலும் அதே அதட்டல்தான். நான் பேனர் அடிப்பவன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அவள் கை பட்டால் எந்த மூஞ்சியும் தேறிவிடும். பருவை எடுப்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பாள், வழுக்கைக்குக் கொஞ்சம் முடி இரவல் கொடுப்பாள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த ஆளையே கட்டியிருக்கலாமே என்றாள் என் வீட்டுக்காரி. ஆனால் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. கை வைக்காத படத்தை அழிக்கவே மாட்டாள். கொடுப்பது ஒன்று, வைத்துக்கொள்வது ஒன்று.

அவளுக்கு ஒரே மகன். சுண்டு என்று கூப்பிடுவோம். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான். உதட்டுக்கு மேலே பென்சிலால் கிறுக்கியது போல நாலு முடி. வெளிநாட்டில் கிடங்கு வேலை, சின்னப் பையனாகத் தெரிந்தால் எடுக்கமாட்டார்கள், நல்லதாக ஒரு படம் வேண்டும் என்று வந்து நின்றான். அக்கா மீசையைக் கறுப்பாக்கினாள், தாடையை அகட்டினாள், கோட்டு மாட்டிவிட்டாள். பலகைக்கு மேலே திரையைத் திருப்பி எனக்கும் காட்டினாள். அவ்வளவு பெருமை. அந்த வாரமே தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்யும் பூட்டுக்காரர் மகனோடு சேர்த்து இன்னும் ஆறு பையன்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அதே மீசை, அதே கோட்டு.

கிடங்காவது கத்தரிக்காயாவது. எவனோ ஒருத்தன் நாட்டுச் சண்டைக்கு ஆள் அனுப்புகிற தொண்டர் சங்கத்தில் பையன்கள் தாங்களாகவே பெயர் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தபோது விமானம் ஏறியாயிற்று. ஐந்தாவது மாதம் ஒரே குண்டில் மூன்று பேர் போனார்கள். சுண்டு ஒருவன், பூட்டுக்காரர் மகன் ஒருவன். மூன்றாமவன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள். உடல் எதுவும் வரவில்லை. வந்தது ஒரு காகிதம். அதன் மூலையில் அக்கா எடுத்த படம் ஒட்டியிருந்தது.

ஒரு மாதம் ஸ்டூடியோ பூட்டியே கிடந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. திறந்த அன்று அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த மீசைய நான் வைக்காம இருந்திருந்தா, போடா வீட்டுக்குன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க."

அப்படியெல்லாம் இல்லை அக்கா என்று இழுத்தேன். வாயை மூடு என்றாள். மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சங்கத்துச் செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, கலையாத தலை. நினைவுக் கூட்டம், மேடைக்குப் பின்னால் சுண்டுவின் படம் மட்டும் பன்னிரண்டடி உயரத்துக்கு, கீழே "அடுத்த வீரன் நீதான்" என்று எழுத்து. செத்தவனை வைத்து ஆள் பிடிக்கிறான் படுபாவி. அந்தக் காகிதத்தில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் மங்கும் என்பதால், நல்ல ஃபைல் அக்காவிடம் கேட்டார். நான் பலகையில் காதை வைத்துக்கொண்டு, இதோ செருப்பு பறக்கப்போகிறது என்று காத்திருந்தேன். அக்கா நிதானமாக, தருகிறேன் என்றாள். பேனர் அடிக்கும் வேலை வழக்கம்போல எனக்கு வந்தது.

அவள் தந்த ஃபைலைத் திறந்தேன். மீசை இல்லை, கோட்டு இல்லை. கன்னமெல்லாம் பரு, விடைத்த காது, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஃபைல் மாறிவிட்டதா என்று எட்டிக் கேட்டேன்.

"மாறல. இதுதான் என் புள்ள. அடி."

சங்கத்து வேலை போனால் என் கடை பாதி படுத்துவிடும். செயலாளருக்குப் போன் போடக் கையில் எடுத்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது. போட முடியவில்லை. திரையிலிருந்து அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தேன், சுருட்டினேன், உறை போட்டு அனுப்பினேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் மைதானம் நிறைய இளவட்டங்கள். மேடையில் அக்காவுக்கும் பூட்டுக்காரருக்கும் நாற்காலி. பூட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். என் மகன் வீரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். செயலாளர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது.

கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் மாறிவிட்டது, இறக்குங்கள் என்று செயலாளர் ஆட்களுக்குச் சைகை காட்டினார். அக்கா எழுந்தாள். மைக் கொடுக்கவில்லை. அவளுக்கு மைக் எதற்கு?

"யாரும் அசையாதீங்க. நல்லா பாருங்க."

கயிற்றில் கை வைத்தவன்கூட நின்றுவிட்டான்.

"மீசை நான் வச்சது. தாடை நான் வச்சது. கோட்டு நான் போட்டது. நான் வச்சதையெல்லாம் நானே எடுத்துட்டேன். மிச்சம் இருக்கிற இந்தப் புள்ளையத்தான் நீங்க சண்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

செயலாளர் நாட்டுக்காக, மானத்துக்காக என்று எதையோ ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. பெயர் எழுத வைத்திருந்த மேசைக்குப் பக்கம் ஒருத்தன்கூடப் போகவில்லை. அம்மாக்கள் மகன்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை பூட்டுக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் சுத்தியலோடு வெளியே வந்து நின்றேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ கை வைக்காத படம்... என் பையனோடது இருக்காம்மா?"

இருந்தது. ஏழு பேருடையதும் இருந்தது. நானே அடித்துக் கொடுத்தேன். கூலி பேச வந்த அக்காவை வாயை மூடு என்றேன், முதல் தடவையாக. ஏழும் இப்போது ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் இருக்கின்றன. செயலாளர் இரண்டு தடவை ஆள் விட்டு மிரட்டினார், மூன்றாம் தடவைக்கு நீங்களே வாங்க, படம் எடுத்துத் தருகிறேன் என்று அக்கா சொல்லியனுப்பினாள்.

ஏழில் நாலு பேர் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் வந்து நிற்கிறார்கள். அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு நடக்கிறாள், நேராகச் சங்கத்து வாசலுக்கு, பையன்களைத் திருப்பிக் கேட்க.