குலசேகரம் சொல்ல வேண்டிய திருத்தம்

இருபது வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை. குலசேகரம் என் பெயரைத் தொலைக்காட்சியில் வாசித்தார். வாசித்ததைத் திருப்பி எடுக்கவில்லை. மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அந்தக் கோபம் இறங்கவில்லை. அது கோபம்தானா என்றும் இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

குலசேகரத்தைத் தெரியாத தமிழர் அப்போது மலேசியாவில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு 'இசைத் தூது' நிகழ்ச்சியில் வருவார். அகலக் காலர் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நேயர்கள் அனுப்பும் அட்டைகளை வாசித்து, பிறந்தநாள், கல்யாணம் என்று வாழ்த்திவிட்டுப் பாட்டுப் போடுவார். மற்ற நாளில் பினாங்கில் கிராணி, அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி. மாதம் ஒரு தடவை பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்து, கோலாலம்பூருக்குப் போவார். நாலு வார நிகழ்ச்சியை ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு வருவார். அதற்காக நாலு சட்டை எடுத்துப் போவார். அந்த நாலு வாரம்தான் என்னைக் கெடுத்தது.

1977-இல் எனக்கும் கெப்பாலா பத்தாஸ் ஊர் ருக்குமணிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் ஐஸ் பேக்டரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குச் சொல்லாமல் இசைத் தூதுக்கு ஓர் அட்டை போட்டுவிட்டார்கள். குலசேகரமும் வாசித்துப் பதிவு செய்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் ருக்குமணி என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய அந்த வியாழக்கிழமை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே டிவிப் பெட்டிக்குள் குலசேகரம் சிரித்தார்.

"இன்று மணமேடை கண்ட ஜார்ஜ்டவுன் நல்லமுத்து, கெப்பாலா பத்தாஸ் ருக்குமணி தம்பதியர் எல்லா நலமும் பெற்று வாழ்க!"

கடைக்கார அக்கா நூர்ஜான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா தம்பி, கல்யாணத்தன்னைக்கு இங்க வந்து ஆட்டுக்கறி சாப்பிடுற? பொண்ணு வீட்ல சோறு போடலையா?"

கடை முழுக்கச் சிரிப்பு. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான். "டிவியில சொன்னாங்களே லா. மூத்த சம்சாரம் எங்க?" அப்படி ஒருத்தி இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். டிவியில் பொய் சொல்வார்களா என்பார்கள். சொன்ன வாயே அது தப்பு என்று சொன்னால்தான் நம்புவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சண்டை போடத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். சாரோங் கட்டிக்கொண்டு, நாலு சட்டையையும் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் குலசேகரமா?"

"ஆமா தம்பி. பாட்டு வேணும்னா அட்டை போடணும். வீட்ல பாட்டு இல்ல."

"பாட்டு ஒண்ணும் வேணாம். எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்லுங்க."

"யாருக்குச் சொல்லணும்?"

"ஊருக்கு!"

சட்டையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஞானாம்பிகை, "முதல்ல ஆளை உள்ள வந்து இருக்கச் சொல்லுங்கோ" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். சண்டை என்ன ஆனது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அடுத்த பதிவில் திருத்தத்தை வாசித்ததாகத்தான் அவர் சொன்னார். ஆனால் பெட்டியில் அவர் வாயைத் திறக்கும்போதே பாட்டு வந்துவிட்டது. மூன்று மாதம் இதே கதை. வாழ்த்துச் சொல்கிற இடத்தில் முறிந்துபோன கல்யாணம் எதற்கு என்று மேலே இருந்த அதிகாரி வெட்டிவிட்டாராம்.

பிறகு ஒருநாள் குலசேகரம் என்னிடம், "இனிமே விசாரிக்காம ஒரு அட்டையையும் வாசிக்க மாட்டேன்பா. உன்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு. இந்தப் பக்கத்து அட்டையெல்லாம் நீ போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாயேன்" என்றார்.

திட்டப் போனவன் நான். ஏன் சரி என்றேன்? இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் அட்டைக் கட்டோடு கிளம்பிவிடுவேன். பிறந்தநாள்காரர் உயிரோடு இருக்கிறாரா, மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் பேசிக்கொள்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பேன். கல்யாணமாகாதவனுக்கு இப்படி ஒரு வேலை.

ஒரு தடவை பாலிக் புலாவில் பிச்சைமுத்து என்கிற பெரியவருக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் என்று அட்டை வந்தது. டுரியான் பழத் தோட்டத்துக்குள் அவர் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல், பறைச் சத்தம். பூப்போட்ட சட்டையோடு நின்றவன் நான் ஒருத்தன்தான். அவர் மகள் வள்ளியம்மா அழுதுகொண்டே வந்தார்.

"அப்பா காலையிலதான் போனாரு. நீங்க சொல்லுங்கண்ணே, பாட்டு வருமா வராதா? அவரு ஆசையா கேட்ட பாட்டு."

திரும்பி வந்து குலசேகரத்திடம் சொன்னேன். இரண்டு நாள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் நிகழ்ச்சியில், "பாலிக் புலாவ் பிச்சைமுத்து அவர்களுக்காக" என்று மட்டும் சொன்னார். வாழ்த்து இல்லை, சிரிப்பும் இல்லை. பாட்டு வந்தது. யாரும் வெட்டவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய், "செத்தவருக்கு ஒரு வழி கண்டுபிடிச்சீங்க. உசிரோட இருக்கிறவனுக்கு வழி இல்லையாண்ணே?" என்றேன்.

"அவருக்கு வாழ்த்துச் சொல்லாம விட்டாப் போதும். உனக்குச் சொல்லியாகணுமே. அதுக்குத்தான் அந்த அதிகாரி விட மாட்டேங்கிறானே."

அவர் சொன்னது நியாயமா, சமாளிப்பா என்று எனக்கு அன்றைக்கே பிடிபடவில்லை.

1987-இல் மீனாட்சியைப் பெண் பார்க்கப் போனபோது, "டிவியில விட மாட்டேங்கிறான், நேர்லயே வந்து சொல்றேன்" என்று அவரே கிளம்பி வந்தார். வந்ததும் அந்த வீட்டில் ஒரே திருவிழா. பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள்.

"நான் அன்னைக்கு வாசிச்சது தப்பு. இவருக்குக் கல்யாணமே நடக்கல" என்றார்.

"அது கிடக்கட்டும் சார். ஒரு பாட்டுப் பாடுங்க!"

"எனக்குப் பாட வராதும்மா."

"சும்மா சொல்லாதீங்க சார்!"

படம் பிடித்தார்கள். எல்லாப் படத்திலும் நடுவில் அவர். ஓரத்தில் என் தோள் மட்டும் தெரியும். மீனாட்சி என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அவள் அத்தைக்கு மட்டும் விளங்கவில்லை. "டிவிக்காரரே வந்து சொல்லிட்டாரு, மூத்தவளோட ஒட்டு உறவு இல்லையாம்" என்று ஊரெல்லாம் சொன்னார். இன்றைக்கும் பார்த்தால், அந்த மூத்தவளுக்குப் பிள்ளை உண்டா என்று என்னிடமே கேட்பார்.

1994-இல் இசைத் தூதை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். கடைசிப் பதிவு ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், தேத்தண்ணிக் கோப்பை கையில் இருக்கும்போதே குலசேகரத்துக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்.

"நல்லமுத்து, இப்ப இருக்கிற அதிகாரி வேற ஆளு. கடைசி மூணு நிமிஷம் எனக்காம். வெட்ட மாட்டாங்களாம். உன் திருத்தத்தைச் சொல்லிடுறேன்."

குதித்திருக்க வேண்டும் நான். குதிக்கவில்லை. என் மூத்த பிள்ளைக்கு அப்போது ஆறு வயது.

"இப்ப எதுக்குண்ணே?"

"பதினேழு வருஷமா என் உசிர எடுத்த. இப்ப வந்து எதுக்குங்கிற!"

ஓர் அட்டையில் எழுதியே வைத்திருந்தார். தொலைக்காட்சிக் குரலில் வாசிக்க ஆரம்பித்தார். "ஜார்ஜ்டவுன் நல்லமுத்து அவர்களுக்கும், கெப்பாலா பத்தாஸ் ருக்குமணி அவர்களுக்கும்..." அங்கேயே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பொண்ணு இப்ப எங்கப்பா இருக்கு?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அட்டையோடு எத்தனையோ தடவை கெப்பாலா பத்தாஸ் போயிருக்கிறேன். அந்தத் தெருப் பக்கம் மட்டும் மோட்டாரைத் திருப்பியதில்லை.

"அதுக்கும் ஒரு வீட்டுக்காரன் இருப்பான். பிள்ளைங்க டிவி பார்க்கும். நாம பாட்டுக்குப் பேரைச் சொல்லிட்டா?"

அவர் அட்டையை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு ஞாயிறுதானே. நீ போய் அந்தப் பொண்ணைப் பார்த்து, பேரைச் சொல்லலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."