ஏழாம் அறையில் ஆங்கிலப் பாடம்

சசிரேகாவுக்கு இலக்கணப் புத்தகத்தில் நம்பிக்கை கிடையாது. கோயமுத்தூரிலிருந்து குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தேயிலைக் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடம் கடிதம் தட்டச்சு செய்தவள். மதியச் சாப்பாட்டு வேளையில் கதை படித்தே ஆங்கிலம் பழகியவள். வேலையை விட்டபின், பழைய பங்களாவை விடுதியாக்கிய ஒருவர், அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கூப்பிட்டார். கதைப் புத்தகத்தோடுதான் போனாள்.

புதன்கிழமை பிற்பகல் வகுப்பு. நான்கு பெண்கள். அன்றைய கதையில், கணவன் திரும்பாத வீட்டில் ஒருத்தி ஜன்னலோரம் காத்து நிற்பாள். படித்து முடித்ததும், சசிரேகா அதை இறந்தகாலத்தில் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்று பேர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வரும் ஜானகி மட்டும், "ஷி இஸ் ஸ்டேண்டிங்" என்றாள்.

"இஸ் இல்ல ஜானகி, வாஸ். நடந்து முடிஞ்சதில்ல?"

"முடியலீங்க டீச்சர். இன்னும் நிக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மற்ற மூவரும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"எங்க நிக்கறாங்க?"

"ஏழாம் நம்பர் ரூமுலீங்க. எப்படிச் சொல்றதுன்னு இத்தன நாளாத் தெரியலீங்க. இந்தக் கதையிலதான் வார்த்த கெடச்சுது."

சசிரேகா அவளோடு மாடியேறினாள். வெளியே பனிமூட்டம் பள்ளத்தாக்கை அடைத்திருந்தது. அறை காலி, படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அப்பாடா என்று திரும்பியவள் கண்ணில் ஜன்னல் பட்டது. கண்ணாடியில், ஆள் முகத்தின் உயரத்தில், மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு வட்டம் வெளுத்திருந்தது. மெல்ல மங்கியது. முழுதாக மறைவதற்குள் மறுபடி வெளுத்தது.

ஜானகி இரண்டடி தள்ளி நின்று, ஜன்னலைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "எக்ஸ்கியூஸ் மீ, மேடம்" என்றாள்.

கண்ணாடியிலிருந்த வட்டம் மங்கிப்போனது. சற்றுத் தள்ளி, ஓரத்துக் கண்ணாடியில், புதிதாக ஒன்று வெளுத்தது.

அன்று சசிரேகா எப்படி பஸ் ஏறினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் வீட்டில் சொன்னாள். ஆனால் அந்த நான்கு பேரும் தினமும் அங்கேதானே வேலை செய்கிறார்கள் என்ற நினைப்பு விடவில்லை. அடுத்த புதன்கிழமை போய்விட்டாள்.

ஆறு மாதத்தில் ஜானகிக்கு ஊட்டியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. அவள் போனபின் அந்த அறையைக் கூட்ட ஒருத்தியும் துணியவில்லை. சசிரேகாதான் இப்போது அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் வேலை முடிக்கும்வரை கதையைச் சத்தமாகப் படிக்கிறாள். கேட்பது அவர்கள் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். பிரிவில் முடியும் கதை எதையும் அங்கே கொண்டுபோவதில்லை.