தொட்டிக்குக் குப்பை தேடிய வாரம்

பொது வசதி ஒன்று ஓரிடத்தில் பயன்படாமல் கிடந்தால், அதை அங்கிருந்து எடுத்துத் தேவைப்படும் இடத்தில் வைக்க வேண்டும். இது விதி. வேலைக்காலம் முழுவதும் அரசுக் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, ஒரே வாசிப்பில் புரியும் விதிகள் அதிகம் அகப்பட்டதில்லை. இது அவற்றில் ஒன்று. எங்கள் தெருவில் இந்த விதி மட்டும் ஒழுங்காக அமலாகியிருந்தால், இன்று காலை நான் வாசலில் பச்சை வாளி ஒன்றும் நீல வாளி ஒன்றுமாக நின்றுகொண்டு, ஊறுகாய் ஒட்டிய பிளாஸ்டிக் உறை எதில் சேர்த்தி என்று யோசித்திருக்க மாட்டேன். குறைந்தபட்சம் அந்த யோசனை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும்.

விதியை அமலாகாமல் தடுத்தவர் என் சித்தப்பா. தெரு முழுவதும் அவருக்குத் துணை நின்றது.

தாம்பரத்துக்கும் இரும்புலியூருக்கும் நடுவே, இரண்டு ஊரும் தமதென்று சொல்லிக்கொள்ளாத ஒரு தெருவில் அப்போது எங்கள் வீடு இருந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் உள்ள கிணறு அந்தப் பக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, இடுப்பில் குடமும் கையில் தவலையுமாகத் தண்டவாளத்தைக் கடந்து வருவாள். மின்சார ரயிலின் ஊதல் கேட்டால் நான் வீட்டுக்கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அவள் தலை தெரிந்த பிறகுதான் மீதிக் கணக்கு. ஒரு கோடையில் ஜல்லிக்கல்லில் கால் பிசகி, குடத்தோடு தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். கூட வந்த பால்கார அக்கா தோளைப் பிடித்து இழுத்துப் போட்டாள், வண்டி கடந்து போயிற்று, குடமும் போயிற்று. மறுநாள் அம்மா இன்னொரு குடத்தோடு கிளம்பினாள். வேறு வழி இல்லை.

சித்தப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகாதவர். எங்களோடுதான் இருந்தார். மனுக்களில் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. அம்மா விழுந்த அன்றே தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு ஒரு மனு எழுதி, எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி அனுப்பினார். குழாய் நகர்த் தெருக்களுக்கு மட்டுமே வழங்கப்படும், தங்கள் தெரு நகர்த் தெருவாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. சித்தப்பா சோர்ந்துபோகவில்லை. பதிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, ரகசியம் பிடிபட்டவர் போலச் சமையலறைக்கு வந்தார்.

"அண்ணி, இவங்க கேக்குறது மனு இல்ல. நாம டவுன்தான்னு ஒரு அத்தாட்சி. சின்னதா ஏதாவது ஒண்ணு மொதல்ல வாங்கிடுவோம். அது வந்துட்டா குழாய் தானா வரும்."

சின்னதாக எது என்று இரண்டு நாள் யோசித்தார். தெருவிளக்குக்குக் கம்பி இழுக்க வேண்டும். சாலைக்கு ஜல்லி வேண்டும். ஒன்றுமே வேண்டாத வசதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குப்பைத் தொட்டி.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சந்தேகம் அவருக்குத் தொழில். "தொட்டி சரிடா, குப்பை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"தொட்டி வந்தா குப்பை வராமலா போயிடும்?" என்றார் சித்தப்பா.

அவர் வாழ்க்கையில் சொன்ன வாக்கியங்களிலேயே முழுக்கப் பலித்தது அது ஒன்றுதான்.

தொட்டி வந்தது. கிணற்றுக்கு இறக்குவார்களே, அப்படி ஒரு சிமெண்ட் உறை. என் மார்பு உயரம் இருக்கும். தெருமுனையில் இறக்கி வைத்தார்கள். சித்தப்பா அப்பாவை ஒரு சின்ன ஜெபம் செய்யச் சொன்னார். குப்பைத் தொட்டிக்கு ஜெபம் பைபிளில் இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். பால்கார அக்காவுக்கு அந்தத் தடை இல்லை. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். தேங்காய் துவையலுக்குப் போயிற்று. ஓடு எங்கள் வீட்டு அடுப்புக்கு வந்தது. தொட்டிக்குள் எதுவும் விழவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

பிறகும் விழவில்லை. குப்பை அள்ளும் மாட்டுவண்டிக்காரர் வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மூன்றாவது முறை வந்தபோது உள்ளே யார் வீட்டுக் கோழியோ அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது? கோழிக்கா தொட்டி கேட்டீங்க?" என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். "எங்க இன்ஸ்பெக்டரு அடுத்த வாரம் பாக்க வர்றாரு. காலியா இருந்திச்சுன்னா தூக்கிகினு பூடுவோம். ஸ்டேஷனுக்குப் பின்னால ரெண்டு தெரு தொட்டி இல்லாம அடிச்சிக்கிது."

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. தொட்டி போனால் அத்தாட்சி போகும். குப்பைத் தொட்டிக்கே லாயக்கில்லாத தெரு என்று கோப்பில் ஒரு குறிப்பு ஏறிவிட்டால், அதன் பிறகு குழாயைக் கனவில்தான் பார்க்க வேண்டும். பின்னாளில் அப்படிப்பட்ட குறிப்புகளை நானே எழுதியிருக்கிறேன். அவர் பயந்தது நியாயம்தான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருக்கூட்டம். வீட்டுக்குத் தினம் ஒரு முறம் குப்பை போட வேண்டும் என்று சித்தப்பா அறிவித்தார்.

"எதைப் போடறது?" என்றாள் அம்மா.

"காய்கறித் தோல்."

பால்கார அக்கா எழுந்தே விட்டாள். "தோலத் தொட்டில போட்டுட்டா எம் மாடு இன்னாத்த துன்னும்? உன் மனுவையா?"

"சரிக்கா, உக்காருங்க. சாம்பல்?"

"பாத்திரத்த உங்க சட்டையால தேய்க்கட்டுமா தம்பி?" இது அம்மா.

"பழைய பேப்பர்?"

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "புஸ்தகத்துக்கு அட்டை போடணும். மிச்சம் மளிகைக் கடைக்கு."

கிழிந்த துணி என்று சித்தப்பா வாயெடுப்பதற்குள், கடைசி வீட்டுக் கைக்குழந்தைக்காரி "அது எங்க வீட்டுக்கு, எங்க வீட்டுக்கு" என்று கையைத் தூக்கிவிட்டாள். உடைந்த பானையில் கோழி தண்ணீர் குடித்தது. மீன் கழிவைப் பூனைக்குக் கொடுக்காமல் யாராவது முருங்கைமரத்துக்குப் போட்டால் அதற்கே சண்டை வந்தது.

"தூக்கிப் போட ஒரு சாமான் இல்லாம ஒரு தெருவே உக்காந்திருக்கோமே," என்றார் சித்தப்பா. "வெளிய சொன்னா சிரிப்பான்."

அவர் உண்மையாகவே கூசிப்போயிருந்தார். குப்பையைக் குறைப்பது பற்றி எங்கள் குடியிருப்பில் இப்போது மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. நிபுணர்கள் வருகிறார்கள், திரையில் படம் காட்டுகிறார்கள், பிஸ்கட் தருகிறார்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். அந்தக் கூட்டங்களில் கூசிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்த என் சித்தப்பாவை நான் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் பால்கார அக்கா இறங்கி வந்தாள். தண்டவாளத்தில் அம்மாவை இழுத்துப் போட்டவள் அவள். குழாய் எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் தோலை விட்டுக்கொடுத்தாள். பதிலுக்குச் சித்தப்பா பார்சல் ஆபீசுக்குப் பின்னால் வளரும் புல்லைத் தினமும் அறுத்து வர வேண்டும். வண்டிக்காரரிடம், இன்ஸ்பெக்டர் வரும்வரை தொட்டியைக் காலி செய்ய வேண்டாம் என்று கெஞ்சினார்.

"காலியா கீறப்ப வா வான்ற, ரொம்பறப்ப வராதேன்ற. பேஜாரான தெரு சார் உன்து," என்று வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் தெருவே தொட்டிக்காக உழைத்தது. வாழைக்காய்த் தோல், புடலங்காய்க் குடல், புளிச்சக்கை என்று நானும் முறத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். கோழியை முட்டைகளோடு வேறு கூடைக்கு மாற்றினார்கள். தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் சித்தப்பா அதைச் சுற்றி வந்து, பயிரைப் பார்க்கும் விவசாயி மாதிரி நின்றார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலை. பல் தேய்த்துக்கொண்டே தெருமுனைக்குப் போன சித்தப்பா அங்கிருந்தே கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பால்கார அக்காவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, தொட்டிக்குள் கழுத்துவரை விட்டிருந்தது. வால் மட்டும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலை வெளியே வந்தபோது உள்ளே ஈரமான சிமெண்ட்தான் மிச்சம்.

"என்னக்கா இப்படிப் பண்ணிடுச்சு!"

"அதுக்கு இன்னா தெரியும் தம்பி, இது குப்பைன்னு?" என்றாள் அக்கா. "தீனின்னுதானே சொல்லிச் சொல்லி வளத்தேன்."

சித்தப்பா வாயைக் கொப்பளித்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். பின்னால் இரண்டு கோணிச் சாக்கு, முன் கம்பியில் நான். மார்க்கெட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னே எச்சில் இலைகள் மலையாகக் கிடந்தன. பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வாடிய மாலைகளும் வந்து சேர்ந்திருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளி அடைத்தார்.

கடைப்பையன் எட்டிப் பார்த்தான். "யாருக்கு சார்? பன்னிக்கா?"

"இன்ஸ்பெக்டருக்கு," என்றார் சித்தப்பா.

அந்தக் குவியலில் மெல்லிய, பளபளப்பான உறைகள் சில இருந்தன. கண்ணாடி மாதிரி இருக்கும். கசக்கினால் சத்தம் போடும். அப்போது அவை எங்கள் பக்கம் புதிது. ஒன்றை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார்.

"அதையும் போடு பாப்பா. இதுதான் நல்ல குப்பை. மாடும் தொடாது, அம்மாவும் கேக்க மாட்டா."

திரும்பும் வழியெல்லாம் சாக்கிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்கூடச் சற்று இடைவெளி விட்டுத்தான் வந்தது. தொட்டியில் கொட்டி, பளபளப்பு உறைகளை மேலே தெரியும்படி சித்தப்பா பரப்பி முடிக்கவும் இன்ஸ்பெக்டர் வரவும் சரியாக இருந்தது.

அவர் சற்றுத் தள்ளியே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன சார் இவ்வளவு நாத்தம்?"

"என்ன சார் பண்றது?" என்றார் சித்தப்பா, பணிவாக. "டவுன் ஜனங்க. சொன்னா கேக்கறாங்களா?"

இன்ஸ்பெக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். போகும்போது, இந்தத் தெருவுக்கு இன்னொரு தொட்டிகூடத் தேவைப்படும் போலிருக்கிறதே என்றார். அவர் சைக்கிள் திரும்பி மறைந்ததும் பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழும்பின. பால்கார அக்கா சித்தப்பாவின் சட்டையை முகர்ந்து பார்த்து, "இப்போதான் நீ டவுன்காரன்" என்றாள். அவர் அன்று இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனார். அவ்வளவு சந்தோஷமான சித்தப்பாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஏரிப் பக்கம் போயிற்று. தெருப்பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினோம். ஏரிக்குப் போய் அது என்ன செய்கிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பெரியவர்களும் கேட்டதாக நினைவில்லை.

ஒரு வாரக் கடன் முடிந்ததும் தோல் மாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மழை வந்த ஒரு நாள், பால்கார அக்கா வீடுவரை போக வேண்டாமே என்று அம்மா தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தாள். தொட்டி பக்கத்தில் இருந்தது. அக்கா வீடு பத்தடி தள்ளி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு மழை இல்லாத நாட்களிலும் போட்டாள். அடுத்த வீடும் போட்டது. அக்கா சில நாள் வீடு வீடாக வந்து முணுமுணுத்தாள். அப்புறம் மாட்டையே தொட்டிக்கு அனுப்பத் தொடங்கினாள். பளபளப்பு உறைகளும் உள்ளே வரத் தொடங்கியிருந்தன. மாடு அவற்றை ஒதுக்கிவிட்டுத் தின்னப் பழகிக்கொண்டது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

தொட்டியைச் சாட்சி காட்டிச் சித்தப்பா மறுபடி அனுப்பிய குழாய் மனுவுக்குப் பதில் வந்தபோது நான் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தேன். தபால்காரரிடம் அம்மாவே வாங்கினாள். நின்றபடியே ஒரு முறை மனதுக்குள் படித்தாள். பிறகு எனக்காக ஒரு முறை உரக்கப் படித்தாள். எங்கள் தெரு நகர்த் தெருவாக ஏற்கப்பட்டு, தெருமுனையில் ஒரு குழாய் அனுமதிக்கப்பட்டிருந்தது. இடுப்பில் எப்போதும் குடம் இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு அம்மா சிரித்தாள். தண்டவாளத்தில் ஒரு வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. நான் ஓடவில்லை.

வந்த கடித உறைகளை அப்பா மூன்று பக்கமும் பிரித்து, உள்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பார். எங்கள் வீட்டில் உறைகளின் விதி அது. அம்மா பதிலை மட்டும் பைபிளுக்குள் பத்திரப்படுத்தினாள். நீளமான, முழுசாக வெள்ளையாக இருந்த அந்த உறையைக் கசக்கி, வாசலில் இறங்கிப் போய்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். நல்லதாக இருக்கும் ஒன்றை அவள் எறிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழகாக இருந்தது. அம்மாவுக்கு இனிக் கஷ்டமில்லை என்று மட்டும்தான் எனக்கு அன்று புரிந்தது. ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை அது.