கயிற்றில் கட்டியது

நல்லம்மாள் பூத்தொடுத்தால் நூல் வெளியே தெரியாது. கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு பெரிய ரப்பர் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைதான் அவருக்கு. ஆனால் சரஸ்வதி பூஜை வந்துவிட்டால் சூப்பர்வைசர் சேதுகூட அவர் சொல்லும் இடத்தில்தான் நிற்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். புருஷன் செத்தபின் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிள்ளை இல்லை. கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வாய் கொஞ்சம் நீளம். வேறு யாராவது மாலை கட்டினால் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தானே திரும்பக் கட்டுவார்.

தொழிற்சாலையின் நடுவில் இருந்தது ரோலர். இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். நடுவில் ரப்பர் நசுங்கிப் பாளமாக வரும். உருளைகளுக்கு மேலே, நிற்பவர் தலைக்கு நேராக, ஒரு கயிறு. கை சிக்கினால் அதை இழுக்க வேண்டும், ரோலர் நின்றுவிடும். ஸ்டாப்புக் கயிறு என்பார்கள். அது தொய்ந்துபோய், குனிந்து நிமிர்பவர்களின் தலை பட்டாலே ரோலர் நின்றது. நின்றால் ரப்பர் இறுகிவிடும். பிய்த்தெடுத்து மறுபடி ஓட்டுவதற்குள் உற்பத்தி படுத்துவிடும். அதனால் சேது, ரோலரில் வேலை செய்த ராஜுவை ஏணியில் ஏற்றி, கயிற்றை உயரத் தூக்கி மேல்கம்பியோடு ஒயரால் கட்டச் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நல்லம்மாள்.

"டேய் ராஜு, மேலயே குடும்பம் நடத்துறியா? எறங்குடா, கை வலிக்குது."

"இருங்கக்கா, ஒழுங்கா கட்டணும்லா. அவுந்தா சேதுண்ணன் என்னைத் தூக்கிக் கட்டிருவாரு."

அதே மாதம் தலைமை அலுவலகம் அந்தத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புக் கேடயம் கொடுத்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதைத் துடைப்பதும் நல்லம்மாள்தான்.

எண்பத்தாறாம் வருஷப் பூஜைக்கு அவர் செவ்வந்தியும் மாவிலையும் சேர்த்து நீளத் தோரணம் கட்டினார். உயரத்தில் விறைப்பாக நின்ற கயிறு வசதியாகப் போயிற்று. ஒயர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் நைலான் நூலைச் சுற்றி, கயிற்றையும் கம்பியையும் சேர்த்துக் கட்டித் தோரணத்தைத் தொங்கவிட்டார். சாமிக்குப் போட்டது தானாக உதிரும்வரை யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

பூ வாடத் தொடங்கியபோது ராஜுவின் வலது கை உருளைக்குள் போனது. இடக்கையால் மேலே துழாவினான். கயிறு எட்டவில்லை. விரல்நுனியில் மாவிலைதான் பட்டது. யாரோ ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் முழங்கைவரை நசுங்கிவிட்டது.

தரையைக் கழுவியது நல்லம்மாள். கழுவி முடித்து நிமிர்ந்தபோது சேது ஏணியில் நின்று ஒயரை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நூலையும் தோரணத்தையும் அவர் தொடவில்லை. சாமி பயம் போலிருக்கிறது என்று நல்லம்மாள் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பாதுகாப்பு மேனேஜர் வந்தார். சீனர், தமிழ் தெரியாது. சேது மொழிபெயர்த்தார். மேனேஜர் மேலே கைகாட்டி, நல்லம்மாளுக்குப் பிடிபடாத வேகமான மலாயில் ஏதோ கேட்டார்.

"கயித்துல கட்டுனது யாருன்னு கேக்குறாரு," என்றார் சேது.

"என்னைத் தவிர இங்க யாருக்குக் கட்டத் தெரியும்? நாந்தான்."

"டியா ஈக்காட்," என்றார் சேது மேனேஜரிடம்.

அவள் கட்டினாள். நல்லம்மாளுக்குச் சந்தை மலாய் தெரியும். சரியாகத்தான் சொல்கிறார் என்று நெஞ்சில் கைவைத்து, "சாயா ஈக்காட், சாயா," என்று அவரும் தலையாட்டினார்.

மேனேஜர் கேட்டது, கயிற்றைக் கைக்கு எட்டாமல் தூக்கிக் கட்டியது யார் என்று. அதை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி லீலாவதி தமிழில் விளக்கியபோது நல்லம்மாளுக்கு வேலை போயிருந்தது. அறையையும் காலி செய்ய வேண்டும்.

"நீங்களே கட்டுனேன்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்கலா," என்றார் சேது.

ஒயரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ராஜு. தூக்குச்சட்டியில் கஞ்சியோடு நல்லம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெட்டியெடுத்த கையின் மிச்சம் கட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி திலகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லுடா. ஒயரு கட்டச் சொன்னது சேதுன்னு."

"கட்டுனது நான்னு தெரிஞ்சா நஷ்டஈடு வராதாம்கா. சேதுண்ணன் சொன்னாரு. கேட்ல வேலையும் போட்டுத் தராராம்."

"அப்ப நானு?"

ராஜு அவரை மேலும் கீழும் பார்த்தான். "உங்களுக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே."

திலகம் தூக்குச்சட்டியை எடுத்து நல்லம்மாள் கையில் திணித்தாள். "எங்களுக்கு மாலை போட்டாச்சு. கஞ்சி வேற ஊத்தணுமா?"

நல்லம்மாள் ரவாங் கோயில் வாசலில் பூக்கட்ட உட்கார்ந்தார். இரவில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் படுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் அவரோடு சோறு பகிர்ந்து தின்ற பெண்கள்கூட வேறு கடையில் பூ வாங்கினார்கள். ராசியில்லாத கை என்று பேச்சு.

அடுத்த வருஷப் பூஜைக்குச் சேதுதான் ஆள் அனுப்பினார். பாதுகாப்புக் கமிட்டிக்கு இப்போது அவர் தலைவர். மிஷின்களில் பூக்கட்டக் கூடாதென்று மூன்று மொழியில் போர்டு வைத்திருந்தார். ஆபீஸ் சாமிப்படத்துக்கு மட்டும் ஒரு மாலை வேண்டும், நல்லம்மாள் கட்டினால்தான் பார்வையாக இருக்கும்.

மாலையை அவரே கொண்டுபோனார். கேட்டில் ராஜு இருந்தான்; வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அவனுக்குப் பின்னால் தொழிற்சாலையின் பெரிய கதவு திறந்து கிடந்தது. ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பையன் ஒருவன் ரப்பரை உள்ளே தள்ளினான். அவன் தலைக்கு வெகு உயரத்தில் கயிறு, மேல்கம்பியில் புது ஒயர்.

"டேய் ராஜு, கயிறு திரும்ப மேல கெடக்குடா."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கையை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டான்.

"அங்கேயே நில்லுங்கக்கா. வெளியாளு உள்ள வரக் கூடாது. சேஃப்டி ரூல்லா."