உருண்டைக்குள் கிறீஸ்

மாகிரட்டின் வாய்க்குப் பயந்து பாலையூற்றில் மீன்காரன்கூட நிறுவையில் ஒரு மீனைக் கூட்டிப் போட்டுவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்டவள் சனிக்கிழமை காலையில் பழைய போல் ஹெட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு றுவைஸின் கமராக் கடைக்குள் நுழைந்தாள் என்றால், சாமான் வாங்க மட்டுமா போயிருப்பாள்? சண்டைக்கும் சேர்த்துத்தான் போனாள்.

“மூண்டு வருசத்துக்கு முதல் நீ தந்த சாமான். குப்பை,” என்று கண்ணாடி மேசையில் வைத்தாள்.

முக்காலிக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டுகிற உலோக உருண்டைதான் போல் ஹெட். திருகைத் தளர்த்தினால் கமரா எந்தப் பக்கமும் சாயும். இறுக்கினால் வைத்த இடத்தில் நிற்க வேண்டும். மாகிரட்டினுடையது நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பத்தொன்பது வருடமாகக் கோயிலில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை நாளில் படம் எடுப்பவள் அவள்தான். கமராவைப் பூட்டி அளவு பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடமே வந்துவிடுவாள். முக்காட்டைச் சரிசெய்து, இரண்டு பகிடி விட்டு, அங்கே நின்றபடியே ரிமோட்டை அமத்துவாள். போன வருடம் அவள் பகிடி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கமரா மெல்லக் குனிந்துவிட்டது. அவள் போய்ப் பார்த்தபோது பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்பத்து மூன்று பேரும் கழுத்துக்குக் கீழேதான் படத்தில் இருந்தார்கள். சப்பாத்துகள் மட்டும் நல்ல வடிவாக விழுந்திருந்தன.

“இந்தமுறையும் பிழைச்சால் அன்புவழிபுரத்து ஸ்டூடியோவைத்தான் பிடிப்பம்,” என்று கோயில் சபைச் செயலாளர் இன்பாஸ் மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார். முதல் நன்மை நாளைக்கு. ‘படமெடுக்கிற மாகிரட்’ என்றுதான் ஊர் அவளைக் கூப்பிடும். அந்த வேலை போனால் பெயரில் பாதியும் போய்விடும்.

றுவைஸ் மூன்று போல் ஹெட்டுகளை எடுத்து வைத்தான். அவள் ஒவ்வொன்றிலும் தன் கமராவையே, அதன் கனத்த லென்ஸோடு பூட்டினாள். முன்பக்கம் சரித்து, அலுமாரித் தட்டின் விளிம்புக்கு நேராக வைத்து, இறுக்கிவிட்டுக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது முட்டையில்லை. நீங்கள் குந்தியிருந்தால் குஞ்சு பொரிக்காது,” என்றான் றுவைஸ்.

“உன்ர கடையில முட்டை வாங்கினாலும் அழுகினதுதான் கிடைக்கும். பேசாமல் இரு.”

முதலாவது ஐந்து நிமிடத்தில் தலையைத் தொங்கப்போட்டது. இரண்டாவது நின்றது, ஆனால் திருகை இறுக்கும்போதே ஒரு நூலளவு விலகியது. மூன்றாவது பெரியது. அசையவே இல்லை. அவள் அதை எடுத்தாள்.

அதற்குள் றுவைஸ் பழையதைக் கழற்றியிருந்தான். விரலைக் காட்டினான். கறுப்பாக மினுங்கியது.

“ஆர் இதுக்குக் கிறீஸ் பூசினது? காய்ஞ்சு இருந்தால்தான் இது பிடிச்சு நிக்கும். என்ர சாமானைக் குப்பை எண்டுறீங்கள், உங்கட வீட்டில ஆரோ வேலை பாத்திருக்கினம்.”

கிறீஸ் என்றதும் மாகிரட்டுக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவளுடைய புருஷன் டொமினிக் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். வீட்டுக் குசினிக்குள்ளேயே கிறீஸ் டின் வைத்திருப்பவன். இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு கலியாண வீட்டில், “படமெடுக்கிறனெண்டு ஊர் சுத்துறாள்,” என்று சபையில் சொன்னவன். “இனிச் செத்தாலும் என்னோட ஒரு சொல் கதைக்கப்படாது,” என்று அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள். அவனும் கதைக்கவில்லை. அவன் கோப்பையை ‘டங்’ என்று வைத்தால் சோறு வேண்டும் என்று அர்த்தம்.

நேரே வள்ளத்துறைக்குப் போனாள். ஆறேழு பேர் நின்றார்கள். நின்றால் என்ன?

“என்ர தொழிலைக் கெடுக்கிறதுக்குக் கிறீஸ் பூசினியோ? உன்னோட இருந்து சாப்பிடுறதுக்கு நஞ்சைக் குடிக்கலாம்.” எப்போதும் ‘நீங்கள்’ என்பவள் அன்றைக்கு ‘நீ’ என்றாள். “வாயில என்ன கொழுக்கட்டையே வச்சிருக்கிறாய்?”

டொமினிக் எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கையைத் துடைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. குற்றவாளி வேறு எப்படி இருப்பான் என்று அவள் திரும்பிவிட்டாள். புதியதை அன்றைக்கு அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஐம்பத்தொரு பிள்ளைகளுக்கும் தலை இருந்தது. கமரா வைத்த இடத்தில் நின்றது.

“சரி, அடுத்த வருசமும் நீங்கள்தான்,” என்றார் இன்பாஸ் மாஸ்டர்.

“பின்னை ஆர்?” என்றாள் மாகிரட்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், புருஷன் குசினிக் கதவில் சாய்ந்து நிற்பதைக் கண்டும் காணாதவளாகச் சாமான்களைத் துடைக்க உட்கார்ந்தாள். கடற்காற்றுக்குள் போய்வந்த எதையும் துடைக்காமல் வைக்கிற வழக்கம் அவளுடைய தகப்பன் வீட்டில் இல்லை. கத்தரிக்கோல், மாங்காய்ப்பூட்டு, தையல் மெசின், கேற்றுக் கொளுவி, எல்லாவற்றுக்கும் உப்புப் பிடிக்காமல் ஒரு பூச்சு. பிறந்த நாளிலிருந்து பார்த்தது. கை தன்பாட்டில் செய்யும். இன்பாஸ் மாஸ்டரை வாய்க்குள் திட்டிக்கொண்டே கதவுக்குப் பின்னால் தொங்கிய துணியை எடுத்து, டொமினிக்கின் டினுக்குள் தோய்த்து, புது உருண்டையில் வைக்கப் போனாள்.

கை நின்றது. துணியைப் பார்த்தாள். கறுப்பாக மினுங்கியது.

வள்ளத்துறையில் நின்ற ஆறேழு பேரும் கண்ணுக்குள் வந்தார்கள். முகம் சுட்டது. வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. டொமினிக்கின் பக்கம் திரும்பினாள்.

“நான்தான் பூசினதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

“பிறகேன் சொல்லேல்லை? என்ர வேலையெல்லே போகப் பாத்தது?”

“செத்தாலும் ஒரு சொல் கதைக்கப்படாதெண்டு நீதானே சொன்னனீ.”

சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த துணியைப் பறித்துக்கொண்டு கேற்றுக் கொளுவிக்குப் பூசப் போனான்.